மூச்சு விடாத பித்தளை எங்களுக்கு வேண்டாம்

"நல்லா மினுக்கித் தாங்கோ தம்பியவை, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்." பழைய பொருட்களுக்குக் கண்காட்சி ஒழுங்குபடுத்தும் ஒருவர் போன மாதம் எங்களிடம் சொன்னது இது. அவர் கேட்டது, எங்கள் தோழி ஒருத்தியின் அம்மப்பா வைத்திருந்த ரெட்டைக்குழாய் றெகுலேற்றரை. கண்ணாடிப் பெட்டி தயார், லைற் தயார், கீழே ஒட்டுகிற வாசகமும் தயார். இலங்கைக் கடலடியை உலகுக்குக் காட்டிய வெள்ளைக்காரரின் காலத்துக் கருவி எண்டு அதில எழுதியிருந்தது. அம்மப்பாவின்ர பேர் எங்க எண்டு கேட்டம். "இடம் காணாது" எண்டார்.

நாங்கள் குடுக்கேல்லை. குடுக்காததுக்குத் திமிர் எண்டு பேர் வைச்சிருக்கினம். திமிர்தான், ஆனால் அதுக்குக் காரணம் இருக்கு.

முதலில சாமானைப் பற்றிச் சொல்லவேணும். வட்டமான பித்தளைப் பெட்டி, மேலே குரோம் பூச்சு. அதிலிருந்து மடிப்பு மடிப்பாய் இரண்டு ரப்பர் குழாய்கள் தோளுக்கு மேலால் வந்து வாய்க்கடியில் சேரும். பெட்டி முதுகில இருக்கிற சிலிண்டரின் வால்வில் கொளுவப்படும். எல்லாரும் 'ஒட்சிசன் சிலிண்டர்' எண்டுதான் சொல்லுவினம். உள்ளே இருப்பது நாங்கள் சுவாசிக்கிற அதே காத்து, அமுக்கி அடைச்சது, அவ்வளவுதான். சுழியோடி மூச்சை இழுத்தால் பெட்டிக்குள் அமுக்கம் குறையும். வெளியில நிற்கிற கடல்தண்ணி டயப்பிரம் எண்டு சொல்லுற ரப்பர் தகட்டை உள்ளே தள்ளும். தகடு நெம்பைத் தள்ள, வால்வு திறந்து தேவையான அளவு காத்து வரும். விடுகிற மூச்சு மற்றக் குழாயால் திரும்பிப் போய், தாராவின் சொண்டு மாதிரியான ஒரு ரப்பர் வால்வால் பெட்டியின் பக்கத்தில் வெளியேறும்.

விட்ட மூச்சை ஏன் சுத்திக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால விடவேணும்? 1943இன் தொடக்கத்தில் பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் கூஸ்ரோ இதன் முதல் வடிவத்தைப் பரிசோதித்தபோது, நிமிர்ந்து நிண்டால் காத்து வீணாய்ப் பாய்ந்தது, தலைகீழாய்ப் போனால் இழுக்கவே கஷ்டமாய் இருந்தது. மூச்சு வெளியேறும் இடமும் டயப்பிரமும் வேறு வேறு உயரத்தில் இருந்ததுதான் பிழை. இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் சரிவந்தது. இரண்டாவது குழாயின் காரணம் இதுதான்.

அதைச் செய்து குடுத்த எமில் காஞ்ஞான் எயர் லிக்கிட் கொம்பனியின் பொறியியலாளர். ஜெர்மன் ஆக்கிரமிப்புக்குள் இருந்த பிரான்சில் பெற்றோல் இல்லை. கார்களை வேறு வாயுவில் ஓட்டுவதற்காக, எஞ்சின் கேட்கிற அளவுக்கு மட்டும் வாயு விடுகிற ஒரு வால்வை அவர் செய்து வைத்திருந்தார். கூஸ்ரோவின் தேவைக்காக அந்த யோசனைதான் கடலுக்குள் இறங்கியது.

இதை வாசிச்ச உடன எங்களுக்கு 90கள் நினைவுக்கு வந்தது. நாங்கள் பிறக்கமுதல் நடந்ததுதான், எண்டாலும் வீட்டில கேட்டுக் கேட்டே மனப்பாடம். பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணையில் ஓடியது. ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டித் துவக்கி, பிறகு மண்ணெண்ணைக்கு மாத்துவினம். பற்றறி இல்லாததால் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்டவை. ஜாம் போத்தலில் விளக்கெரிச்சுப் படிச்சவை இண்டைக்கு எங்களுக்கு விரிவுரை எடுக்கினம். பாரிசில தட்டுப்பாட்டுக்குள்ள பிறந்தால் அது கண்டுபிடிப்பு, இங்க பிறந்தால் "அந்தக் காலத்துக் கஷ்டம்". இந்த வித்தியாசத்தை ஆர் தீர்மானிச்சது?

கண்ணாடிப் பெட்டியின் வாசகமும் இந்த இடத்திலதான் எங்களுக்குக் கசக்குது. ஆதர் சி. கிளார்க்கிலயோ மைக் வில்சனிலயோ எங்களுக்குக் கோபம் இல்லை. 1956இல் வந்து, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கல்லுகளைத் திருகோணமலைச் சுவாமிமலையடிக் கடலில் கண்டு எழுதினார்கள். 1961இல் கிரேட் பாசஸ் பாரில் சூரத் வெள்ளிக்காசு கிடந்த கப்பலை வில்சன் கண்டார். அது அவர்கள் செய்த வேலை, இருக்கட்டும். ஆனால் கிளார்க் பிறக்கமுதலே மன்னார்க் கடலில் கல்லைக் காலில் கொளுவிக்கொண்டு, ஒரே மூச்சில் முத்துக்குளிக்க இறங்கினவையின் பேர் எங்க? தீவுப்பக்கத்தில சங்கு குளிச்சவையின் பேர் எங்க? முத்து எவ்வளவு, வருமானம் எவ்வளவு எண்டு அரசாங்கம் கணக்கெழுதி வைத்தது. மூச்சைப் பிடிச்சவனின் பேரை எழுத அப்பவும் இடம் காணேல்லை.

அம்மப்பா மயிலிட்டிக்காரர். திருகோணமலையில சுழியோடி வேலை செய்த காலத்தில இது அவருக்குக் கிடைச்சது. பிரெஞ்சுக்காரரின் மிஸ்ட்ரால், 1955இல் சந்தைக்கு வந்த வகை. 1990இல் குடும்பம் இடம்பெயர்ந்தபோது உரப்பைக்குள்ள வந்தது. சுழியோடுற சாமான் வீட்டில இருக்கு எண்டாலே பயமான காலம், அதால வருசக்கணக்காய் விறகுக்குக் கீழே கிடந்தது. 2017இல் மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டபோது அம்மப்பா உயிரோட இல்லை.

திறந்து பார்த்தால் டயப்பிரம் அப்பளம் மாதிரி நொருங்கிச்சு. குழாயின் மடிப்பெல்லாம் வெடிப்பு. தாராச்சொண்டு ஒட்டிப்போய்க் கல்லாகியிருந்தது. நாங்கள் கலைப்பீடம், ஸ்குறூ ட்ரைவர் பிடிக்கிற விதத்தைப் பார்த்தே படகு எஞ்சின் திருத்துற அண்ணை சிரிச்சார். களிம்பு போக்க ஒரு மூடியை இரவு முழுக்க வினாகிரியில் போட்டு வைச்சம். விடிய குரோம் செதில் செதிலாய் உரிஞ்சுபோய்க் கிடந்தது. அது எங்கட மடைத்தனம். பிறகு அண்ணை சொன்னபடி தண்ணி கலந்து, கொஞ்ச நேரம் மட்டும் வைச்சு, மென்மையான பிரஷ்ஷால தேய்ச்சம். எஞ்சின் கிறீசைத் தொடக்கூடாது எண்டதையும் அவரிட்டத்தான் படிச்சம். அமுக்கின காத்து எண்ணெயோட சேர்ந்தால் ஆபத்து, அந்த ஆவி நெஞ்சுக்குள்ளயும் போகும்.

வெளிநாடுகளில் ரெட்டைக்குழாயில் பைத்தியமானவர்கள் இப்பவும் இருக்கினம். அவர்களுக்காக டயப்பிரமும் குழாயும் புதிசாய்ச் செய்து விக்கினம். கனடாவில இருக்கிற சித்தப்பா ஒராள் வாங்கி அனுப்பினார். பூட்டி முடிச்சதும் சிலிண்டரில் கொளுவாமல், காத்து வாற வழியை அடைச்சு, வாயை வைச்சு இழுத்துப் பார்த்தம். ஒண்டும் வரேல்லை. எங்கயும் ஒழுக்கில்லை எண்டு அர்த்தம். பிறகு பரிசோதிச்ச சிலிண்டர் ஒண்டில் கொளுவி, கராஜ் வாங்கிலிலேயே இழுத்தம். அம்மம்மா கதிரையில இருந்தவா. "உந்தச் சத்தம்தான்" எண்டா. அவ்வளவுதான் சொன்னவா.

எங்களுக்கு எதிராக ரெண்டு வாதம் வந்திருக்கு. ஒண்டு, புதுப் பாகம் போட்டால் பழம்பொருளின் பெறுமதி போயிடும். பழைய பாகமெல்லாம் போத்தலில் போட்டு எழுதி வைச்சிருக்கிறம், நெளிவு ஒண்டையும் தட்டி நேராக்கேல்லை, உரிஞ்ச மூடிக்குத் திருப்பிப் பூச்சுப் பூசவும் இல்லை. செய்யப்பட்டது மூச்சு விடுறதுக்கு எண்டால், மூச்சு விடாமல் மினுங்கிறதில என்ன பெறுமதி மிஞ்சும்? மற்றது, இது ஆபத்து. இந்த வாதத்துக்கு முழுசாய்த் தலை வணங்குகிறம். இதில் மீதிக் காத்தைக் காட்டுகிற மானி இல்லை, அவசரத்துக்கு இரண்டாவது வாய்க்கடி இல்லை. பயிற்சி இல்லாத ஒருத்தரையும், எங்களையும் சேர்த்துத்தான், இதோட கடலுக்குள் இறங்க விடமாட்டம்.

ஆனால் ஆபத்தைப் பற்றிக் கதைக்கிற வாய் கரைக்கும் வரவேணும். இண்டைக்கும் வடக்குக் கடலில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்கிற பெடியள் இருக்கினம். 10 மீற்றர் இறங்கினால் அமுக்கம் இரண்டு மடங்கு, 20 மீற்றரில் மூன்று மடங்கு. போயிலின் விதி உயர்தரத்தில எல்லாரும் எழுதினதுதான். ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காத்தைப் பிடிச்சபடி மேலே வந்தால் அது விரிஞ்சு நுரையீரல் கிழியும். 30 மீற்றரில் 20, 25 நிமிசத்துக்கு மேலே நிண்டால் நேரே மேலே வரக்கூடாது, அட்டவணைக்கு அட்டவணை கொஞ்சம் மாறும். இரத்தத்தில் கரைஞ்ச நைதரசன் குமிழியாகி மூட்டைப் பிடிக்கும், முள்ளந்தண்டைப் பிடிச்சால் நடை போயிடும். ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்கினால் முந்தின முழுக்கும் கணக்கில் சேரும். மேலே வாறது நிமிசத்துக்கு 9 மீற்றருக்கு மேலே போகக்கூடாது. இது ஒண்டும் ரகசியம் இல்லை. ஆனால் நாங்கள் போன இறங்குதுறைகளில் இதைத் தமிழில் எழுதின ஒரு பலகையைக் காணேல்லை. கடலட்டைப் பண்ணை ஆருக்கு எண்டு மேடை போட்டுச் சண்டை பிடிக்கிற நாங்கள், கடலட்டைக்கு இறங்கிறவனின் முள்ளந்தண்டைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரமும் அடிக்கேல்லை. இந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு.

எனவே கண்காட்சிக்காரருக்கு எங்கட நிபந்தனைகள். றெகுலேற்றர் வரும், எங்கட மேசையில, திறந்தபடி. வாசகத்தில் அம்மப்பாவின் பேர் முதலில இருக்கும், அடுத்தது திருத்தின அண்ணையின் பேர். கிளார்க்குக்கும் வில்சனுக்கும் மூன்றாவது வரியில் இடம் இருக்கு. பக்கத்தில் ஆழமும் நேரமும் எழுதின அட்டவணை பெரிய எழுத்தில் தொங்கும். முதல் நாள் அழைப்பு சங்குக்கும் அட்டைக்கும் இறங்கிறவைக்கு, ரிக்கற் இல்லாமல். அந்த மண்டபத்தில இதுக்கு இடம் காணாது எண்டால், மயிலிட்டித் துறையில ஒரு வாங்கில் போதும். நாங்கள் அங்க வைக்கிறம்.