நாலு சாட்சி, நாலு கலர்! நம்ம ஊரு ரெயில் இன்ஜின் என்ன நிறம்?

சங்கரன்கோவில்:-

போலீஸ் நிலையத்திலும் கோர்ட்டு வாசலிலும் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே விபத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். ஆனால் ரெயில் நிலையம் பக்கத்து டீக்கடையில் நடந்த "விசாரணை" போல ஒன்றை இதுவரை பார்த்ததில்லை.

விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர். ரெயில் என்றால் அவருக்கு உயிர். அட்டை, தகரம், ஒடிந்த சைக்கிள் கம்பி, இவ்வளவையும் வைத்தே ஒரு பழைய மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின் செய்திருக்கிறார். நீளம் ஒரு முழம். ஜன்னல், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, முன்விளக்கு எல்லாம் அச்சு அசல். பெயிண்ட் மட்டும் பாக்கி.

அதை டீக்கடை மேஜையில் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, நம்ம ஊருக்கு வந்த இன்ஜின் என்ன கலர்ல இருந்துச்சு?" என்று கேட்டார்.

வந்தது வினை!

"கறுப்புல்லா!" என்றார் மூத்தவர். "சிவப்பு வே, நான் தினமும் ராஜபாளையத்துக்கு அதுலதானே வேலைக்குப் போனேன்" என்றார் ஓய்வு பெற்ற குமாஸ்தா. "என்ன வே பேசுதீரு? பச்சை!" என்றார் பூ வியாபாரி. கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே "நீலம்" என்று தீர்ப்பு சொன்னார். பேச்சு முற்றி ஒருமையில் போய்விட்டது. டீ ஆறிப்போச்சு.

யார் சொன்னது பொய்?

விசாரித்துப் பார்த்தால், யாரையும் பொய்ச்சாட்சி என்று சொல்ல முடியாது.

மூத்தவர் சொன்னது நீராவி காலம். கரியும் புகையும் படிந்த அந்த இன்ஜினுக்குக் கறுப்புதான் தோதான சட்டை. பிறகு வந்தது ஒய்.டி.எம்.4 என்ற மீட்டர் கேஜ் டீசல். 1,350 குதிரைசக்தி. 1968-ல் இருந்து வாரணாசி தொழிற்சாலையில் செய்தார்கள். இதற்கு நாடு முழுக்க ஒரே நிறம் என்று கிடையாது. எந்த ஷெட்டில் பராமரிக்கிறார்களோ, அந்த ஷெட்டுக்காரர்கள் தங்கள் விருப்பப்படி வர்ணம் அடித்து, குறுக்கே பட்டையும் போடுவார்கள். ரெயில் பிரியர்கள் தூரத்தில் வரும்போதே பட்டையைப் பார்த்து, எந்த ஷெட் இன்ஜின் என்று சொல்லிவிடுவார்களாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பயணி பார்ப்பது பெட்டியை, இன்ஜினை அல்ல. அந்தக் காலத்துப் பெட்டி அரக்குச் சிவப்பு. 1990-களில் அதை மாற்றி நீலம் அடித்தார்கள். குமாஸ்தா சொன்ன சிவப்பும் கடைக்காரர் சொன்ன நீலமும் இன்ஜினா, பெட்டியா? அவர்களுக்கே இப்போது சந்தேகம்.

போட்டோ பார்க்கலாமே என்பீர்கள். தேடினோம். கிடைத்த ஒன்றிரண்டும் கறுப்பு வெள்ளை!

பேரு பச்சை, ஆளு மஞ்சள்

காகிதத்தில் எழுதி வைத்தால் போதுமா? போதாது. இங்கிலாந்தில் 1870-ல் ஸ்ட்ரவுட்லி என்ற என்ஜினீயர் ஒரு ரெயில்வே கம்பெனியின் இன்ஜின் பிரிவுக்குத் தலைவராக வந்தார். தன் இன்ஜின்களுக்கு அடித்த வர்ணத்துக்கு "மேம்படுத்தப்பட்ட இன்ஜின் பச்சை" என்று பெயர் வைத்தார். ஆனால் அது பச்சையே இல்லை. காவி கலந்த மஞ்சள்! 1882-ல் கட்டிய அவருடைய "கிளாட்ஸ்டன்" இன்ஜினை யார்க் நகர ரெயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பொருள் கண் முன்னால் இருக்கிறது, சண்டை தீர்ந்தது. வெறும் ஏட்டை நம்பியிருந்தால், இன்றைக்கு அதைப் பச்சை என்றுதான் நினைத்திருப்போம்.

நம் நாட்டிலும் பொருளைக் காப்பாற்றிய இடங்கள் இருக்கின்றன. டெல்லியில் 1977-ல் ரெயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். சென்னை ஐ.சி.எப்.பில் ஒன்று, திருச்சி பொன்மலைக்காரர்களுக்கு ஒன்று இருக்கிறது. புனேயில் ஜோஷி என்பவர் பொம்மை ரெயிலுக்கென்றே 1998-ல் தனி மியூசியம் திறந்தார். உலகத்தில் அதிகம் பேர் செய்யும் மாடல் ரெயில் அசலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் பதினாறரை மில்லிமீட்டர். இதைச் செய்கிறவர்களை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. நம்ம ஊரில் மட்டும், தகரம் வெட்டுகிற பையனைப் பார்த்து "வேலை வெட்டி இல்லாதவன்" என்கிறார்கள். இது நியாயமா?

நூறு வயசு வருது

ரோட்டில் குழி, குழாயில் தண்ணீர் இல்லை; இதில் பெயிண்ட் ஒரு கேடா என்று கேட்பவர்கள் உண்டு. குழியைப் பற்றியும் நான்தான் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன். குழியை நாளைக்கும் மூடலாம். ஆனால் அந்த இன்ஜினை ஓட்டியவர், கொடி காட்டியவர், ஷெட்டில் வர்ணம் அடித்தவர் எல்லோருக்கும் வயதாகிவிட்டது. ஒருவர் போனால் ஒரு சாட்சி போச்சு. அதை எந்த டெண்டர் விட்டும் வாங்க முடியாது.

விருதுநகர்-தென்காசி ரெயில் பாதை 1927-ல் திறக்கப்பட்டது. 2027-ல் நூறு வயது. 2004-ல் அகல ரெயில் பாதை வந்தபோது நான் சின்னப் பையன். இப்போது மேலே மின்கம்பி, இன்ஜினும் மின்சாரம். வேகம் நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆடித்தபசு கூட்டத்தை ஏற்றிவந்த பழைய ரெயில் இப்படித்தான் இருந்தது என்று காட்ட, நம்ம நிலையத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கக் கூடாதா? அதற்குள் ஒரு மாடல் ரெயில், பக்கத்தில் நாலு கலர் படம். கோடிக்கணக்கில் செலவாகாது. வியாபாரிகள் மனசு வைத்தாலே நடக்கும். ரெயில்வே அதிகாரிகள் இடம் கொடுத்தால் போதும்.

ரெயில் பிரியர்களான தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. படம் எடுப்பதைப் பிளாட்பாரத்தில் நின்று எடுங்கள். தண்டவாளத்தில் நிற்காதீர்கள். அந்தச் செய்தியை எழுதி எழுதி என் கை மரத்துப்போச்சு.

பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் கல்யாண ஆல்பம் இருக்கும். மாப்பிள்ளையை, பட்டாளத்துக்குப் போகிற மகனை, ரெயிலேற்றி விட்டபோது எடுத்த கலர் படம் இருக்கும். ஆளைப் பார்க்காதீர்கள், பின்னால் பாருங்கள். இன்ஜின் தெரிந்தால் எடுத்து வாருங்கள்.

பெயிண்ட் டப்பா இன்னும் திறக்கவில்லை. டீக்கடை அலமாரியில், பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில், நிறம் இல்லாமல் நிற்கிறது அந்த இன்ஜின்.