வெயிலுக்கும் பட்டா வேண்டுமாம்!

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கம்மாபுரம் வட்டாரத்து மக்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அது அவர்கள் காலடியிலிருந்து வந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய துண்டுகள் மேலே வந்தன. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. அடுத்த ஆண்டே சுரங்க வேலை தொடங்கிற்று. 1962இல் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கிற்று. நாடு வெளிச்சம் பெற்றது, மறுப்பாரில்லை. ஆனால் அந்த வெளிச்சத்துக்காக ஏர் பூட்டிய நிலத்தையும் குடியிருந்த வீட்டையும் விட்டு எழுந்து போனவர் எத்தனை குடும்பத்தார்! ஊற்று நீர் தானே பொங்கி வழிந்த பூமியில், சுரங்கம் நனையாமலிருக்க இரவும் பகலும் நீரை இறைத்துக் கொட்டுகிறார்கள். பக்கத்து வயலுக்காரன் போர்க்குழாயை மேலும் மேலும் ஆழத்துக்கு இறக்குகிறான்.

இப்போது சர்க்கார் சொல்கிறது: மின்சாரத்தைப் பூமிக்குள் தேட வேண்டாம், உன் கூரை மேலேயே இருக்கிறது, எடுத்துக்கொள் என்று.

2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறோம். ஒரு கோடி வீடுகளின் மேல் சோலார் தகடு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் போனால் 78,000 ரூபாய் மானியம். மத்திய சர்க்கார் கொண்டுவந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் குறை சொல்லும் பழக்கம் நமக்கில்லை. வெயில் நல்லது. புகையில்லை, சாம்பலில்லை. 2020இல் மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் நெய்வேலியில் கொதிகலன் வெடித்து, ஒப்பந்தத் தொழிலாளர் உடல் கருகி மாண்டதைக் கண்ட மக்கள், வெயிலிலிருந்து வரும் மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்வார்களா?

நாம் கேட்பது வேறு. அந்தக் கூரை யாருடையது?

கணக்கைப் பார்ப்போம். தோழர்கள் பொறுமையோடு படிக்க வேண்டும். கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 240 யூனிட். மந்தாரக்குப்பத்தில் இரண்டு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு டி.வி., ஒரு மிக்சி, ஒரு சிறு பிரிட்ஜ் வைத்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி இரண்டு மாதத்தில் செலவழிப்பதும் அவ்வளவுதான். அவனுக்கு வரும் பில் என்ன? 2016 முதல் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறுக்கும் அரசு பாதிச்சுமையைத் தாங்குகிறது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி அவன் கட்டுவது நானூறு ரூபாய் சொச்சம். ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மானியம் போக முப்பதாயிரம் கைப்பணம் போட்டு அவன் ஒரு கிலோவாட் தகடு பதித்தால், போட்ட பணம் திரும்ப பன்னிரண்டு ஆண்டு ஆகும். அதற்குள் இன்வெர்ட்டர் ஒருமுறை மாற்ற வேண்டிவரும்.

மாடி வீட்டுக்காரர் கதை வேறு. மூன்று அறையில் ஏ.சி. ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 800 யூனிட். 500ஐத் தாண்டினால் யூனிட் விலை எட்டு ரூபாய்க்கு மேலே, 600ஐத் தாண்டினால் ஒன்பது ரூபாய்க்கும் மேலே ஏறுகிறது. அவர் பில் ஐயாயிரத்தை நெருங்கும். மூன்று கிலோவாட் தகடு பதித்தால் அந்தப் பில் கிட்டத்தட்ட மறைந்தே போகும். சர்க்கார் 78,000 கொடுத்துவிட, கையிலிருந்து போட்டதை நாலைந்து ஆண்டில் எடுத்துவிடுவார். தகட்டுக்கு ஆயுள் 25 ஆண்டு. மிச்ச இருபது ஆண்டும் அவருக்கு ஆதாயமே!

அவர் மீது நமக்குக் கோபமில்லை. அவர் பதிக்கட்டும்; அவர் ஏ.சி.க்கு எரியும் நிலக்கரி அந்த அளவு குறையட்டும். ஆனால் பொதுப் பணம் 78,000 ரூபாய் அவர் வீட்டுக்குப் போகிறது, 240 யூனிட் வீட்டுக்கு அந்த வழியே திறக்கவில்லை. இதற்கு 'இலவச மின்சாரம்' என்று பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பணம் இருந்தாலும் போதாது. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி மேல்தளம் வேண்டும். மின் இணைப்பு இருக்க வேண்டும், வீடு சொந்தமாக இருக்க வேண்டும். ஓட்டு வீடும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் தகட்டையும் இரும்புச் சட்டத்தையும் எளிதில் தாங்கா. வாடகை வீட்டில் இருப்பவனுக்கு மாடியே இல்லை. டவுன்ஷிப் குவார்ட்டர்சில் இருக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் அதே நிலைதான். அவர் ஓய்வு பெற்று வடக்குத்திலோ இந்திரா நகரிலோ சொந்த வீடு கட்டிய பிறகுதான் வெயிலுக்கு உரிமை கொண்டாட முடியும்.

இவர்கள் எல்லாரையும் விட இக்கட்டில் இருப்பவர், சுரங்கத்தின் பாதையில் வீடு வைத்திருப்பவர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் பயிரின் மீது மண்வாரி இயந்திரங்கள் ஏறியதைத் தமிழ்நாடே பார்த்தது. எப்போது நோட்டீஸ் வரும், எப்போது அளக்க வருவார்கள் என்று நாளெண்ணிக்கொண்டிருக்கிறவர் கடன் வாங்கி மாடியில் தகடு பதிப்பாரா? தகடு உழைக்கும் 25 ஆண்டு; வீடு நிற்கும் ஆண்டுக் கணக்கை யார் சொல்வது?

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. நிலக்கரி தோண்டிய அந்த நிறுவனமே வெயில் அறுவடைக்கு எப்போதோ இறங்கிவிட்டது. நெய்வேலியில் மட்டும் 130 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. தென் மாவட்டங்களையும் சேர்த்தால் அதன் சூரிய மின்சாரம் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நிலக்கரிக்காக எடுத்த நிலத்திலும் வெயில் விளைகிறது, நிலம் கொடுத்தவன் மட்டும் மின்வாரிய வாசலில் பில் கட்ட நிற்கிறான்.

ஆகவே நாம் சொல்வது இது: ஏழை வீட்டுக் கூரையில் சர்க்காரே தகடு பதிக்க வேண்டும். தருமமாக அல்ல, கணக்கு அப்படித்தான் சொல்கிறது. 240 யூனிட் வீட்டுக்காரன் கட்டாத மிச்சத்தை மாநில அரசு ஆண்டுதோறும் மின்வாரியத்துக்கு மானியமாகக் கொடுத்து வருகிறது. அவன் கூரையில் மின்சாரம் விளைந்தால் அந்த மானியம் அரசுக்கு மிச்சம். எனவே தகட்டுக்கு முதல் போட வேண்டியவர், அதனால் அதிக லாபம் அடைகிறவராகிய அரசுதானே! மத்திய திட்டத்திலேயே மின் பகிர்மான நிறுவனம் தானே முன்நின்று வீடுகளில் பதிக்கும் முறைக்கு இடம் இருக்கிறது. கேரளத்தில் 'சௌரா' திட்டத்தில் மின்வாரியம் வீட்டுக் கூரையில் தன் செலவில் பதித்து, விளைவதில் ஒரு பங்கை வீட்டாருக்குத் தரும் முறையைச் செய்து பார்த்தார்கள். நம்மால் ஏன் முடியாது? கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையே சொந்தமாக வாங்கி மின்சாரம் விற்ற ஊராட்சி. கம்மாபுரம் ஒன்றியத்துப் பள்ளிக் கட்டடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் மொட்டை மாடி இல்லையா?

முன்னுதாரணமும் நம் மாநிலத்தில் உண்டு. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்குச் சூரிய விளக்குகளும் சேர்த்தே கொடுத்தார்கள். 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாயில் கான்கிரீட் கூரையோடு வீடு எழுகிறது. கூரை போடும்போதே தகட்டுக்கான சட்டத்தையும் பதித்துவிட்டால் செலவு குறையும். ஆனால் பழைய அனுபவம் ஒன்றை மறக்கக் கூடாது: பாட்டரிக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். அது ஓய்ந்தபின் மாற்றித் தருவது யார் என்று முதல் நாளே எழுதி வைக்காத திட்டம் பாதித் திட்டம்.

சொந்தமாகப் பதிக்க வசதியுள்ள தோழர்களுக்கும் இரண்டொரு வார்த்தை. விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுவதைச் சொல்கிறோம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டியபோது பல கிராமங்கள் நாள்கணக்காக இருட்டில் கிடந்தன. அப்படி மின்கம்பி இறந்து போனால், பாட்டரி இல்லாத சாதாரண சோலாரும் பட்டப் பகலில் நின்று போகும். அது குறையல்ல, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் வயர்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயாதிருக்கச் செய்த ஏற்பாடு. புயலிலும் விளக்கு வேண்டுமென்றால் பாட்டரிக்குத் தனிச் செலவு உண்டு. சட்டத்தைத் தளத்தோடு இறுக்கமாகப் பிணைத்திருக்கிறார்களா என்று நின்று பாருங்கள். நம் பக்கத்தில் சாம்பலும் நிலக்கரித் தூசியும் தகட்டில் படியும். காலையிலோ மாலையிலோ, தகடு சூடாக இல்லாத நேரத்தில், வெறும் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும். மானியம் தகடு பதித்து, மீட்டர் மாற்றி, சரிபார்த்த பிறகே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். "மானியம் போக மிச்சத்தை மட்டும் கொடுங்கள், மானியத்தை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்பவரிடம் பாஸ் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள்.

மற்ற தோழர்களுக்கு வேலை இருக்கிறது. வரும் கிராமசபையில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள். இருமாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளில் மின் பகிர்மானக் கழகமே தகடு பதிக்க வேண்டும் என்பது ஒன்று. நிலம் எடுக்கப்பட்ட ஊர்களில் அந்தச் செலவை நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஏற்க வேண்டும் என்பது இரண்டு. இனி எடுக்கப்படும் வீட்டின் மேல் தகடு இருந்தால், அதைக் கழற்றி மறுகுடியமர்வு மனையில் நிறுவனமே தன் செலவில் பதித்துத் தர வேண்டும் என்பது மூன்று. தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி முடிக்கும் வரை இடத்தை விட்டு எழாதீர்கள்.