பெயரில்தான் எல்லாம் இருக்கிறது

டில்லி சர்வகலாசாலை 1962-ல் தபால் மூலம் பாடம் நடத்தத் தொடங்கியபோது அது 'அஞ்சல்வழி'ப் படிப்பு. அந்தப் பெயர் மங்கியதும் 'தொலைநிலைக் கல்வி' என்றார்கள். இப்போது 'இணையவழி'யும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கல்லூரிக்குப் போய்ப் படிப்பதற்கு மட்டும் 'ரெகுலர்' என்று பெயர். அப்படியானால் மற்றதெல்லாம் என்ன, ஒழுங்கற்றவையா?

விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். நேரடிப் படிப்பென்றால் ஆசிரியர், நூலகம், ஆய்வுக்கூடம் என்று பேசுகிறார்கள். இணையவழியென்றால், 'வேலையை விட வேண்டாம், வீட்டிலிருந்தே படிக்கலாம்' என்கிறார்கள். அங்கே கல்வியை விற்கிறார்கள், இங்கே சௌகரியத்தை. பாடம் சொல்வது யார், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் அறிவித்தது. சட்டம் சமம் என்கிறது. சர்வகலாசாலையின் நாக்கு சமமில்லை என்கிறது. வேலை கொடுப்பவன் எதை நம்புவான்?

தவளக்குப்பத்தில் பகலெல்லாம் கடையில் நின்று கணக்கெழுதும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். காலாப்பட்டிலுள்ள சர்வகலாசாலைக்கு அவள் புதுச்சேரி நகரையே கடந்து வடக்கே போகவேண்டும். அவள் இராத்திரி கண்விழித்துப் படிப்பது சௌகரியத்துக்காக அல்ல, வேறு வழியில்லாமல். அவளிடமும் கட்டணத்தை ரூபாயாகத்தானே வாங்குகிறார்கள்? பாடத்தையும் பாடமாகவே கொடுக்கட்டும். அப்புறம் 'ரெகுலர்' என்ற சொல்லுக்கு வேலையே இராது.