கார்கோ இருக்கும்போது ஆப்ட் எதுக்கு?

போன செமஸ்டர் ப்ராஜெக்ட் டெமோ அன்னைக்கு நான் அசிங்கப்பட்ட கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். ரஸ்ட்ல எழுதின ஒரு சின்ன டூல். திருவாதவூர்ல எங்க வீட்டுல, மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு பில்ட் பண்ணப்போ அருமையா ஓடுச்சு. மறுநாள் கோடை மட்டும் பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போனேன். லேப்ல நெட் இல்லை. 'கார்கோ பில்ட்' அடிச்சதும் எதையும் டவுன்லோட் பண்ண முடியாம நின்னுடுச்சு. பக்கத்து டீம் சி-ல எழுதியிருந்தாங்க. அவங்களுக்குத் தேவையான லைப்ரரி எல்லாம் ஏற்கெனவே அந்த டெபியன் மெஷின்ல இருந்துச்சு. 'மேக்' அடிச்சாங்க, முடிஞ்சது.

"பைனரியைக் கொண்டுபோயிருக்கலாமே, 'கார்கோ வெண்டார்' பண்ணியிருக்கலாமே"ன்னு நீங்க கேட்பீங்க. சரிதான், டெமோ தப்பிச்சிருக்கும். ஆனா அதுக்கப்புறம் இன்னொரு கேள்வி இருக்கு: அந்த பைனரிக்குள்ள இருக்கிற லைப்ரரியில நாளைக்கு ஓட்டை கண்டுபிடிச்சா, அதை அடைக்கப்போறது யாரு?

2014-ல ஓபன்எஸ்எஸ்எல்-ல ஹார்ட்பிளீட் ஓட்டை வந்தப்போ, டெபியன் திருத்தின பேக்கேஜை வெளியிட்டது. அப்டேட் பண்ணி சர்வீஸ்களை ரீஸ்டார்ட் பண்ணதும், அந்த ஷேர்டு லைப்ரரியை நம்பியிருந்த புரோகிராம் எல்லாத்துக்கும் ஓட்டை அடைபட்டுச்சு. ரஸ்ட்டும் கோவும் பொதுவா அப்படி இல்லை. லைப்ரரிகள் பைனரிக்குள்ளேயே சேர்ந்துடும். ஒரு கிரேட்ல பிழைன்னா, அதை உள்ளே வச்சிருக்கிற ஒவ்வொரு புரோகிராமையும் திரும்ப பில்ட் பண்ணணும்.

எங்க ஊர்க் கணக்குல சொன்னா, கண்மாய்க் கரை உடைஞ்சா ஊர் கூடி ஒரு இடத்துல அடைச்சா போதும். வீட்டுக்கு வீடு போர் போட்டுட்டா, எந்த போர்ல தண்ணி கெட்டுச்சுன்னு ஒவ்வொரு வீடா ஏறி இறங்கணும். அப்படி ஏறி இறங்கிற வேலையைத்தான் டெபியன் பேக்கேஜ் பண்றவங்க நமக்காகச் செய்றாங்க.

அது லேசான வேலை இல்லை. டெபியன்ல பேக்கேஜ் பில்ட் ஆகும்போது நெட்டைத் தொடக்கூடாது. அதனால ரிப்கிரெப் மாதிரி ஒரு டூல் உள்ளே வரணும்னா, அது கேட்கிற கிரேட்களும் தனித்தனி பேக்கேஜா முதல்ல வந்தாகணும். ஒவ்வொண்ணுக்கும் லைசென்ஸ் பார்க்கணும். ஒரே கிரேட்டுக்குப் பல வெர்ஷன் வைக்கிறதையும் முடிஞ்சவரை தவிர்ப்பாங்க; டூல் வேற வெர்ஷன் கேட்டா பேட்ச் போடணும். 2024-ல பிகேஷ்எஃப்எஸ்-டூல்ஸ் பேக்கேஜைப் பார்த்துக்கிட்டவர், இந்த ரஸ்ட் டிபெண்டென்சி இழுபறியில வெறுத்துப்போய் அதைக் கைவிட்டுட்டார்.

"அப்போ இந்த முறையே பழசு, விட்டுடலாம்"னு சிலர் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. உபுண்டு 25.10-ல சூடோவே ரஸ்ட்ல எழுதினதுதான். ஆப்டுக்கே 2026 மே மாதத்துக்கு அப்புறம் ரஸ்ட் கட்டாயமாகலாம்னு 2025 அக்டோபர்ல அறிவிச்சாங்க. சிஸ்டத்தோட அடித்தளமே புது மொழிக்கு மாறும்போதுதான், பொறுப்பா பார்த்துக்க ஆள் அதிகமா வேணும்.

இது நமக்கு ரொம்ப தூரத்து விஷயமும் இல்லை. அரசு கொடுத்த லேப்டாப்கள்ல விண்டோஸ் கூட வந்த பாஸ் லினக்ஸ் ஞாபகம் இருக்கா? சி-டாக் உருவாக்கின அது டெபியன் அடிப்படையிலானதுதான். அந்த லேப்டாப் இன்னைக்கு எத்தனையோ வீட்டுல தம்பி தங்கச்சி கையில இருக்கு. குறைஞ்ச ரேம், அளவான டேட்டா. அதுல ஒரு பெரிய ரஸ்ட் புரோகிராமை கம்பைல் பண்ணச் சொல்றது கொடுமை. ரெடிமேட் பேக்கேஜ் இருந்தா 'ஆப்ட் இன்ஸ்டால்' ஒண்ணே போதும்.

2023 ஜனவரியில விழுப்புரத்துல மினிடெப்கான்ஃப் நடந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல உலக டெப்கான்ஃபே கொச்சிக்கு வந்துச்சு. டெபியன் நம்ம வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு. நாம என்னமோ இன்னும் 'கர்ல்' அடிச்சு, என்ன இருக்குன்னே படிக்காம ஷெல்லுக்கு பைப் பண்ணிக்கிட்டு இருக்கோம்.

அதனால ஒரு வேண்டுகோள். இந்த லீவுல நீங்க தினமும் பயன்படுத்துற ரஸ்ட் டூல் ஒண்ணை எடுங்க. அதுக்குத் தேவையான எந்த கிரேட் இன்னும் டெபியன்ல இல்லைன்னு பாருங்க. 'டெப்கார்கோ' பாதி வேலையை முடிச்சுக் கொடுக்கும். கோ-ன்னா 'டிஹெச்-மேக்-கோலாங்' இருக்கு. மீதியை டெபியன் ரஸ்ட் டீம்ல கேளுங்க. உங்களால நேரா அப்லோட் பண்ண முடியாது, அவங்க பார்த்துத் திருத்தித்தான் ஏத்துவாங்க. அந்தத் திருத்தத்துல கத்துக்கிறது நம்ம லேப் ரெக்கார்டுல கிடைக்காது.

நான் ஒரு சின்ன கிரேட்டை எடுத்திருக்கேன், லைசென்ஸ் ஃபைல்லயே ரெண்டு நாளா மாட்டிக்கிட்டு இருக்கேன். கூட வர்றவங்க வாங்க, சேர்ந்து முட்டுவோம்.