வேட்டி நனைவது தலையெழுத்து அல்ல

எழுபதைத் தாண்டிய ஆண்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரையைப் பேசுவோம், முட்டி வலியைப் பேசுவோம். எத்தனை ஸ்டென்ட் என்று கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வோம். சிறுநீர் கசிவதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

இருமினால், தும்மினால், நாற்காலியை விட்டு எழுந்தால் கசியும். ஆண்களுக்கு இது பெரும்பாலும் புற்றுநோய்க்காக புராஸ்டேட் சுரப்பியை முழுவதும் எடுத்த பிறகு வருவது. துறைமுகத்தில் வேலை பார்த்த என் நண்பர் ஒருவர் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறுவதையே விட்டுவிட்டார்; அதில் கழிப்பறை கிடையாது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் சிக்கினால் எப்போது நகருமோ தெரியாது. திருவொற்றியூர் கோயிலுக்கும் போவதில்லை. புற்றுநோயை ஜெயித்த மனிதர் நாலு சொட்டு நீருக்குப் பயந்து வீட்டோடு கிடக்கிறார்.

“வயசானா அப்படித்தான்” என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடுப்புத்தள தசைப் பயிற்சி செய்தால் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம், ஒரு வருடத்தில் பலருக்குக் குறைந்துவிடும். குறையாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கசிவு கொஞ்சம் என்றால், சிறுநீர்க் குழாயைத் தாங்கிப் பிடிக்கும் வலைப்பட்டை. அதிகம் என்றால், செயற்கைச் சுருக்குத்தசை. 1972-ல் ஹூஸ்டன் நகரில் டாக்டர் பிராண்ட்லி ஸ்காட் குழுவினர் முதன்முதலில் பொருத்தியது. குழாயைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றுக்குள் ஒரு சிறு பலூன், விதைப்பையில் ஒரு பம்ப். பம்பை அழுத்தினால் பட்டையிலுள்ள நீர் பலூனுக்குப் போகும், வழி திறக்கும். சில நிமிடங்களில் தானே மூடிக்கொள்ளும். பேட்டரி எதுவும் கிடையாது. பொருத்தி ஏறக்குறைய ஆறு வாரம் கழித்துத்தான் இயக்கி வைப்பார்கள்.

குறைகளும் உண்டு. கிருமி தொற்றலாம், பட்டை குழாயை அரிக்கலாம், வருடங்கள் போனால் மாற்ற வேண்டியும் வரலாம். கை நடுக்கமோ மறதியோ உள்ளவர்களுக்குச் சிரமம்.

இன்னொன்று முக்கியம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், கத்தீட்டர் அளவை இன்றும் ‘பிரெஞ்சு’ கணக்கில் சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். பாரீஸ் கருவி வினைஞர் ஷாரியேர் வகுத்த அளவு அது. மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். ஆனால் இந்தக் கருவி உள்ளே இருப்பது தெரியாமல் கத்தீட்டர் செருகினால் குழாய் கிழிந்துவிடும். முதலில் பட்டையைத் திறந்த நிலையில் பூட்ட வேண்டும். எனவே பொருத்திக்கொண்டவர் சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்திருக்க வேண்டும், வீட்டாருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

விலைதான் இடிக்கிறது, சில லட்சங்கள் ஆகும். 2017-ல் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கும் செயற்கை முட்டிக்கும் உச்சவரம்பு விலை வைத்தது. நெஞ்சுக்கும் முட்டிக்கும் செய்ததை இதற்கும் செய்யலாமே? ஓய்வூதியர் காப்பீட்டுக்கு மாதாமாதம் நம்மிடம் பிடிக்கிறார்கள். டி.ஏ. உயர்வுக்கு மனு கொடுக்கும் நம் சங்கங்கள் இதற்கும் ஒரு மனு கொடுக்கட்டும். இது ஆடம்பரச் சிகிச்சை இல்லை, ஒரு மனிதனை வாசல்படி தாண்ட வைக்கும் சிகிச்சை.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. நம் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே சிறுநீரியல் (யூராலஜி) துறையும் இருக்கிறது. வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு ஓ.பி. சீட்டு வாங்குங்கள். தனியாகப் போகத் தயங்கும் நண்பர் இருந்தால் நீங்கள் துணைக்குப் போங்கள்.