பாட்டு இனிக்குது, பாடியவர் கசக்கிறாரா?

கே.கே. நகரில் வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் ஒரு வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். காலர் ட்யூன் ‘எஞ்சாயி எஞ்சாமி’. சின்னதாக ஒரு நம்பிக்கை வந்தது. நேரில் போனேன். பிஎச்.டி. என்றதும் காபி வந்தது, அட்வான்ஸ் வரை பேசியாயிற்று. பிறகு குரலைத் தாழ்த்தி, “தப்பா நினைக்காதீங்க தம்பி, நீங்க என்ன ஆளுங்க?” என்றார்.

அவரை விடுங்கள். இப்படி ஆட்கள் தெருவுக்குத் தெரு உண்டு. வாராவாரம் புதிய இண்டி பாடல்களைப் பட்டியல் போட்டுப் பகிரும் நம்மைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

2021 மார்ச்சில் வந்த அந்தப் பாட்டை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு. அதற்குப் பின்னால் இருப்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று பங்கு பிரித்தார்கள். போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. காட்டைத் திருத்தியவருக்குக் கையளவு நிலம் இல்லை என்கிற கணக்கைத்தான் அந்தப் பாட்டு கேட்டது. நாமோ ‘இயற்கைப் பாட்டு’, ‘செம வைப்’ என்று ரீல்ஸ் போட்டோம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகே தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிவும் சந்தோஷ் நாராயணனும் வேறு வேறாகப் பேசுகிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் வருமானம் வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணனே சொன்னார். சுயாதீன இசையாம்! சினிமா கம்பெனியிடமிருந்து விடுதலை, சரி. சாதியிடமிருந்தும் மார்க்கெட்டிடமிருந்தும்?

நம் பட்டியல்களின் லட்சணத்தைப் பாருங்கள். வீணை வந்தால் ‘செவ்வியல்’. பறை வந்தால் ‘நாட்டுப்புறம்’. கிட்டாரோடு காதல் தோல்வி என்றால் ‘இண்டி பாப்’. சாதியைப் பேசிவிட்டால் மட்டும் ராப்போ ராக்கோ கானாவோ, எல்லாம் ஒரே மூட்டையில் ‘புரட்சிப் பாடல்’. ஏப்ரல் 14 அன்று ஸ்டேட்டஸ் வைக்க எடுப்போம், 15ஆம் தேதி கட்டிவைப்போம். ஊருக்குள் தெருவைப் பிரித்தவன் செய்ததற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்த குழு. அவர்களுடைய கருத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள். நானும் ஒன்று எழுதியிருக்கிறேன், வெட்கம்தான். பறையும் டிரம்ஸும் ஒரே தாளத்தை எப்படிப் பங்கு போடுகின்றன, இசைவாணியின் கானா எந்த இடத்தில் கிட்டாரை ஓரங்கட்டுகிறது என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? 2024இல் வந்த அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேட்டவர்கள் எத்தனை பேர்? ஒடுக்கப்பட்டவரிடம் வலியை மட்டும் வாங்கிக்கொண்டு, வித்தையை வேறொருவர் கணக்கில் எழுதுவதும் திருட்டுதான் தோழர்களே. விமர்சனம் எழுதினால் இசையை எழுதுங்கள். கச்சேரிக்கு டிக்கெட் வாங்குங்கள். கல்லூரி விழாவுக்குப் பறையிசைக் குழுவைக் கூப்பிட்டால், டிஜேவுக்குக் கொடுக்கும் பணத்தை அவர்களுக்கும் கொடுங்கள், ‘சமூகப் பணி’ என்று சொல்லி பஸ் காசோடு அனுப்பாதீர்கள்.

அந்த வீட்டுக்காரர் இரண்டு நாளில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன். பாட்டு முழுசாக ஓடியது. அவர் எடுக்கவில்லை.