கிடங்கைக் காட்டுகிறார்கள், கணக்கை மறைக்கிறார்கள்!

தோழர்களே!

பழைய வியாபாரக் கம்பெனிகளின் கோட்டைகளையும் கிடங்குகளையும் பழுது பார்த்து ஜனங்களுக்குக் காட்டுவது இன்று உலகெங்கும் நடக்கிறது. இடிந்த மதிலைக் கட்டுகிறார்கள், பெயர்ப்பலகை நடுகிறார்கள், "இதுதான் பாரம்பரியம்" என்கிறார்கள். காட்டட்டும், நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. உழைப்பாளிக்கும் சரித்திரம் தெரிய வேண்டும். ஆனால் நாம் கேட்பது இதுதான்: அந்தக் கிடங்கை நிரப்பியது யார் உழைப்பு? நிரப்பியவன் கைக்கு என்ன வந்தது? அவன் பேரன் பேத்திகள் இன்று எங்கே, எப்படி இருக்கிறார்கள்?

மறைமலைநகர் ஆலைத் தோழர்கள் சிலரும், திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயத் தொழிலாளர் சிலருமாகச் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் சென்றோம். கல்பாக்கத்தை ஒட்டி, கடலைப் பார்த்து நிற்கிறது அந்தச் செங்கல் கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி துணி வியாபாரத்துக்காக வந்து உட்கார்ந்த இடம். 1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிறகு டச்சுக்காரர் கைக்குத் திரும்பி, 1825-ல் முடிவாக ஆங்கிலேயரிடமே போயிற்று. இன்று மத்திய தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மதில் நிற்கிறது, கிடங்கு நிற்கிறது, செதுக்கு வேலை செய்த கல்லறைகள் நிற்கின்றன. கம்பெனிக்காரன் பெயரைக் கல்லிலே படித்தோம். துணி நெய்த நெசவாளி ஒருவன் பெயரையும் நாம் அங்கே காணவில்லை!

அந்த வியாபாரம் எப்படி நடந்தது? கம்பெனி தரகு வியாபாரிக்கு முன்பணம் கொடுத்தது. வியாபாரி நெசவாளிக்கு முன்பணம் கொடுத்தான். முன்பணம் வாங்கியவன் கடனாளியானான், கடனாளியானவன் சொன்ன விலைக்குத் துணியைக் கொடுத்தான். அந்தத் துணியைக் கப்பலேற்றிக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய் கிராம்பும் ஜாதிக்காயும் மிளகும் வாங்கி, ஐரோப்பாவில் விற்றுக் கொழுத்தார்கள். முன்பணம் என்ற அந்த ஒரு சொல்லை மனதில் வையுங்கள், தோழர்களே. அது மீண்டும் வரும்.

கடல் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெரிய ஏரி ஒன்றின் கரையில் கிராண்ட் போர்ட்டேஜ் என்ற இடம் இருக்கிறது. ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களின் நாடு அது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'வடமேற்குக் கம்பெனி' அங்கே மிருக ரோம வியாபாரம் நடத்தியது. நீர்நாய் போன்ற பீவர் என்ற மிருகத்தின் ரோமம் ஐரோப்பியச் சீமான்களின் தொப்பியாயிற்று. சுமை தூக்கியவர்கள் சுமார் 40 கிலோ மூட்டைகள் இரண்டை ஒரே நடையில் முதுகிலேற்றி, 13 கிலோமீட்டருக்கு மேல் காட்டுப்பாதையில் நடந்தார்கள். வேட்டையாடியவனுக்கோ குளிர்காலத்துக்கு முன்னே கம்பளியும் கெண்டியும் துப்பாக்கி மருந்தும் கடனாகக் கொடுத்தார்கள், வசந்தத்தில் தோலாகக் கழித்துக்கொண்டார்கள். அங்கேயும் முன்பணம்! வியாபாரம் ஓய்ந்ததும், ஒப்பந்தம் என்ற பெயரில் காட்டையும் ஏரியையும் எழுதி வாங்கினார்கள். இன்று அந்த மதிலையும் கிடங்கையும் பழையபடியே கட்டிக் காட்டுகிறார்கள்.

நம் சீமைக்குத் திரும்புவோம். சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வழியாக வடக்கே போனால் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. மண்பானையிலிருந்து பாம்பை எடுத்து, விஷத்தைக் கண்ணாடிக் குடுவையில் இறக்குகிறார் ஒரு இருளர் தோழர். சுற்றி நின்று ஜனங்கள் கைதட்டுகிறார்கள். நாமும் பார்த்தோம், மனம் நெகிழ்ந்தோம். ஆனால் அந்தக் கைகளின் சரித்திரம் என்ன?

ஒரு காலத்தில் இருளர் பிடித்த பாம்பின் தோல், சென்னைத் தோல் வியாபாரிகள் மூலம் கடல் கடந்து போய் சீமாட்டிகளின் கைப்பையும் செருப்புமாயிற்று. லாபம் வியாபாரிக்கு, கடிபடும் ஆபத்து இருளருக்கு. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. தோல் வியாபாரம் நின்றது நல்லதுதான். ஆனால் வியாபாரிக்கு வேறு வியாபாரம் கிடைத்தது. இருளருக்கோ பிழைப்புப் போனதோடு, 'திருட்டு வேட்டைக்காரன்' என்ற பட்டமும் கிடைத்தது! 1978-ல் பிறந்த கூட்டுறவுச் சங்கம்தான் சில நூறு குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. அதிலும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை தீர்மானிக்கிறது. அனுமதி வந்தால் அடுப்பு எரியும், வராவிட்டால் எரியாது.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே! இந்த விஷயம் உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. இந்தியாவில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் சாகிறார்கள் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். வரப்பில் வெறுங்காலோடு நடப்பவனைத்தான் நல்ல பாம்பும் கட்டு விரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடிக்கின்றன. அவனைக் காப்பாற்றும் மருந்துக்கு மூலப்பொருள், இந்த இருளர் கைகள் இறக்கும் விஷம். நாற்று நடும் உங்கள் உயிருக்கு ஜாமீன் நிற்பவர் அவர்!

அவர்களுக்கு நாடு செய்தது என்ன? 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி! ஆனால் அதே இருளர் குலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் விறகு வெட்டும் இடங்களிலும் கொத்தடிமைகளாகக் கிடந்தன. 1976-ல் கொத்தடிமையை ஒழிக்கச் சட்டம் வந்தது. 43 வருஷம் கழித்து, 2019-ல் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள். எதைக் காட்டிக் கட்டிப்போட்டார்கள்? முன்பணத்தை! டச்சுக்காரன் போனான், வெள்ளைக்காரன் போனான், முன்பணம் மட்டும் போகவில்லை.

மாசிப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் சேலையால் கூடாரம் கட்டி இருளர்கள் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். படம் பிடிக்க ஆள் திரள்கிறது. பொழுது விடிந்து அவர்கள் திரும்பிப் போகும் குடிசைக்குப் பட்டா உண்டா என்று கேட்க எத்தனை பேர்?

"காலம் மாறும், தானாக எல்லாம் வரும்" என்பார்கள் சிலர். தானாக எதுவும் வராது. ஒஜிப்வே மக்கள் விடாமல் போராடினார்கள். பழைய ஒப்பந்தத்தில் கண்ட வேட்டை, மீன்பிடி உரிமை செல்லும் என்று 1999-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே, 5-க்கு 4 என்ற கணக்கில், தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. அதே வருஷம் முதல் கிராண்ட் போர்ட்டேஜ் நினைவிடத்தின் பராமரிப்பு வேலையை ஒஜிப்வே மக்களின் சொந்த நிர்வாகமே ஏற்று நடத்துகிறது. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே இது முடியுமென்றால், இங்கே ஏன் முடியாது?

நாம் கோருகிறோம்: குடியிருக்கும் ஒவ்வொரு இருளர் குடும்பத்துக்கும் பட்டாவும் சாதிச் சான்றிதழும் உடனே கொடு! 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தை அமல் நடத்து! பாம்பு பிடிக்க அனுமதியைக் காலத்தில் கொடு! சங்க நிர்வாகத்தில் இருளர் உறுப்பினர் வாக்கே முடிவான வாக்காக இருக்கட்டும்! முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டும் முதலாளியைச் சிறையில் தள்ளு! சதுரங்கப்பட்டினம் கோட்டை வாசலில் நெசவாளியின் கடன் கணக்கையும் எழுதி வை!

மறைமலைநகர்த் தொழிலாளிக்கு இது அந்நியக் கதையல்ல. 2022-ல் ஃபோர்டு கம்பெனி இங்கே கார் உற்பத்தியை நிறுத்தியது. கட்டிடம் நின்றது, வேலை போயிற்று. கம்பெனி வரும், போகும். மிஞ்சுவது நாமும் நம் ஒற்றுமையும்தான். ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் இருளர் தோழரும் ஒரே சங்கக்கொடியின் கீழ் நிற்கும் நாளில், மறைத்த கணக்கு வெளியே வந்தே தீரும்!